பழைய பைக்குக்கு நாமே டயர் மாற்றுவது: ஏற்றும் முறையும் காற்றின் அளவும்

#1 இரட்டைச்சிலிண்டர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1960-களின் பிரிட்டிஷ் 650 சிசி ட்வின், அதாவது இரட்டைச் சிலிண்டர் வண்டி. ஸ்போக் வீல், குரோம் ரிம். முன்னால் 3.25-19, பின்னால் 4.00-18. பட்டன் (தரையில் படும் வரிவெட்டு ரப்பர்) நன்றாகவே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் டாட் (DOT) தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிது போடப்போகிறேன். இந்த முறை நானே ஏற்ற வேண்டும் என்று ஆசை. இயந்திரத்தில் மற்ற வேலைகள் எல்லாம் செய்கிறேன், டயரை மட்டும் இதுவரை தொட்டதில்லை.

எனக்குள்ள சந்தேகங்கள். இப்போது கிடைக்கும் டயர்கள் பலவற்றில் டியூப்லெஸ் என்று அச்சிட்டிருக்கிறது, அவற்றை டியூப் போட்டு ஸ்போக் ரிம்மில் ஓட்டலாமா? பின் ரிம்மில் வால்வைத் தவிர இன்னொரு போல்ட் நட்டுடன் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை என்ன செய்வது? கையேட்டில் முன் சக்கரத்துக்கு 20 பிஎஸ்ஐ-க்கும் (காற்றழுத்த அலகு) குறைவாகப் போட்டிருக்கிறார்கள், தெரிந்தவர்கள் 30 அடிக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

#2 ஸ்போக்குத்தச்சர்

தம்பி, முதலில் அந்த மூன்று இலக்கத்தைப் பற்றி. 2000-ஆம் ஆண்டிலிருந்துதான் நான்கு இலக்கம் வந்தது, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் என்றால் உங்கள் டயர் அதற்கு முந்தையது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதில் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது.

டயரை ஏற்றுவதைப் பிறகு பேசலாம். அதற்கு முன் ரிம்முக்கு நேரம் கொடுங்கள். பழைய டயர் கழன்றதும் ரிம் டேப்பை உரித்துப் போட்டுவிட்டு உட்புறத்தைப் பாருங்கள். ஐம்பது அறுபது வயது ரிம்மில் துரு இல்லாமல் இருக்காது. செதில் செதிலாகக் கிளம்பும் துருதான் டியூபை உள்ளுக்குள்ளேயே அரைத்துத் தின்னும். கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு துருத் தடுப்பு பெயிண்ட். பெயிண்ட் முழுக்கக் காயட்டும். பீடிங் (ரிம்மைப் பிடிக்கும் டயரின் தடித்த ஓரம்) உட்காரும் விளிம்பில் பெயிண்டைத் தடிமனாக ஏற்றிவிடாதீர்கள், அங்கே மெல்லிய பூச்சு போதும்.

அடுத்தது ஸ்போக் முனை. ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சிறு நட்டான நிப்பிளின் தலையைத் தாண்டி ஸ்போக் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் அரத்தால் ராவி மட்டமாக்குங்கள். விரலை மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் எங்கே குத்துகிறது என்று தெரிந்துவிடும். வீல் நேராகச் சுற்றுகிறதா, ஸ்போக்குகள் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இப்போதுதான். டயர் ஏறிய பிறகு ஸ்போக்கை முறுக்கினால் அதன் முனை டேப்பைத் துளைத்துக்கொண்டு டியூபுக்குப் போகும்.

ரிம் டேப் புதிதாகப் போடுங்கள். அகலம் நிப்பிள் வரிசை முழுவதையும் மூடவேண்டும், ஆனால் பீடிங் உட்காரும் இடத்துக்கு ஏறிவிடக் கூடாது. டியூபும் புதிதுதான். பழைய டயருக்குள் விரிந்து பழகிய டியூப் புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கிழியும்.

#3 மழைச்சாலை

டியூப்லெஸ் கேள்விக்கு: போடலாம். தாராளமாகப் பலரும் போடுகிறார்கள், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். தலைகீழாகத்தான் கூடாது, அதாவது டியூப் டைப் என்று எழுதிய டயரை டியூப் இல்லாமல் ஓட்டக் கூடாது. உங்களுடைய டபிள்யூஎம் (WM) என்ற பழைய வகை ரிம்மில் ஸ்போக் ஓட்டைகள் வழியாகக் காற்று போய்விடும் என்பது ஒரு பக்கம். பீடிங்கை இடத்தில் பிடித்து வைக்கும் சிறு மேடு அந்த ரிம்மில் கிடையாது என்பதுதான் பெரிய விஷயம். பிற்கால எம்டி (MT) வகை ரிம்களில் அது உண்டு.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். டியூப்லெஸ் டயரின் பீடிங் இறுக்கமாக இருக்கும், ஏற்றுவதும் உட்கார வைப்பதும் சிரமம். அதன் உட்சுவரில் வரிவரியாக மேடுகள் இருந்தால் அவை டியூபை உராயும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், காகித லேபிள் ஏதாவது உள்ளே ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

அளவு. முன்னால் 3.25-19-க்குப் பதில் மெட்ரிக் அளவு வாங்குவதானால் 90/90-19. சிலர் 100/90-19 போட்டால் கம்பீரமாக இருக்கும் என்பார்கள், கேட்காதீர்கள். உங்கள் முன் ரிம் டபிள்யூஎம்2 ஆகத்தான் இருக்கும், அதன் அகலம் 1.85 அங்குலம். 100/90-க்குக் குறைந்தது 2.15 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைப் போட்டால் விளிம்புகள் உள்ளே இழுபட்டு டயரின் வளைவே மாறிவிடும், வளைவில் சாயும்போது வண்டி தயங்கித் தயங்கித் திரும்பும். பின்னால் 4.00-18-க்கு 110/90-18 சரியாக இருக்கும். ஆனால் வாங்குமுன் செயின் பக்கமும் மட்கார்டு தாங்கிப் பக்கமும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர், எஸ் 180, எச் 210. 650 ட்வினுக்கு எஸ் அல்லது எச் வாங்குங்கள். இரண்டு சக்கரத்துக்கும் கிராஸ்பிளை, அதாவது உள் நூல் அடுக்குகள் குறுக்குமறுக்காக ஓடும் வகை. ஒன்றில் ரேடியல், ஒன்றில் கிராஸ்பிளை என்ற கலப்பு வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் காலத்து வண்டிக்கு டன்லப் டிடி100 பட்டன் அழகாகப் பொருந்தும். 1969-இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் மால்கம் அப்ஹில் டிரையம்ப் போனவில்லில் மணிக்குச் சராசரி 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று முடித்தார். கடையில் விற்கும் ரக மோட்டார் சைக்கிள் ஒன்று அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அவர் ஓட்டிய கே81 டயருக்கு டிடி100 என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த டயர் இது, அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#4 இரட்டைச்சிலிண்டர்

அக்கா, மிக்க நன்றி. டிடி100 பட்டனே போடுகிறேன். ரிம்மைக் கழுவி ராவிப் பெயிண்ட் அடித்துக் காய வைத்திருக்கிறேன். ஸ்போக்குத்தச்சர் ஐயா, ஏற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும். வீடியோக்களில் எல்லோரும் லிவரில் (டயரை நெம்பும் கம்பி) தொங்கித்தான் ஏற்றுகிறார்கள்.

#5 ஸ்போக்குத்தச்சர்

லிவரில் தொங்குகிறார்கள் என்றால் நடுப்பள்ளத்தை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த வேலை முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. பீடிங்குக்குள் ஓடுவது எஃகுக் கம்பி, அது ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. ரிம்மின் விளிம்பு அதைவிடப் பெரிய வட்டம். பிறகு எப்படி ஏறுகிறது? ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறது அல்லவா, பீடிங்கின் ஒரு பாதி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் எதிர்ப்பக்கம் விளிம்பைத் தாண்டத் தேவையான தளர்வு கிடைக்கும். இறங்காவிட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் ஏறாது. லிவர் வளையும், குரோம் உரியும், இல்லையென்றால் பீடிங் கம்பி அறுந்து புது டயர் வீணாகும்.

டயரை அரை மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள். கழற்றும்போது வால்வுக்குப் பக்கத்தில் லிவரைத் தொடங்குங்கள், வால்வுக்கு நேர் எதிரே முழங்காலால் அழுத்திப் பீடிங்கைப் பள்ளத்தில் வைத்திருங்கள். ஏற்றும்போது இதற்கு மறுதலை: வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் தடித்த அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அங்கே பீடிங் இறங்காது. அதனால்தான் அந்த இடம் கடைசியில் வரவேண்டும்.

அம்புக்குறியைப் பார்த்துத் திசையை உறுதி செய்யுங்கள். சில டயர்களில் முன் சக்கரத்துக்கு ஒரு திசை, பின் சக்கரத்துக்கு எதிர்த் திசை என்று இரண்டு அம்பு இருக்கும். முன்னால் பிரேக்கின் இழுவை, பின்னால் எஞ்சினின் தள்ளல், இரண்டும் பட்டன் ரப்பர் ஒட்டப்பட்ட இணைப்பை எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் அப்படி. பக்கவாட்டில் வண்ணப் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வையுங்கள்.

முதல் பீடிங் பெரும்பாலும் கையாலேயே ஏறிவிடும். பிறகு டியூபில் பிரெஞ்சு சாக் பவுடரை (டால்க் தூள்) தடவி, அதற்கு வட்ட வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று கொடுத்து உள்ளே விடுங்கள். வால்வை ஓட்டையில் இழுத்து நட்டை நுனியில் இரண்டு சுற்று மட்டும் மாட்டுங்கள். இரண்டாவது பீடிங்குக்கு டயர் சோப்பு தடவி, இரண்டு முழங்காலும் ஏறிய பகுதியைப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்திருக்க, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் லிவரால் எடுங்கள். லிவரின் நுனி பீடிங்கைப் பிடித்தால் போதும், அதற்கு மேல் உள்ளே போனால் டியூபைக் கடிக்கும். லிவர் கனமாகிறது என்றால் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் எங்கோ பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது. திரும்பப் போய் அதை இறக்கிவிட்டு வாருங்கள். கடைசி முழம் ஏறியதும் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி மேலே இழுங்கள், பீடிங்குக்கு அடியில் சிக்கிய டியூப் விடுபடும்.

குரோம் ரிம்முக்கு லிவர் படும் இடத்தில் பிளாஸ்டிக் காப்பு வையுங்கள். அலுமினிய ரிம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வைக்க வேண்டும்.

#6 கிக்ஸ்டார்ட்

எல்லாம் சரி, ஆனா இவ்வளவு சடங்கு தேவையான்னு தோணுது. நான் பாத்திரம் கழுவுற திரவத்தைத்தான் தடவுறேன், வழுக்கிட்டு ஏறிடும். வால்வு நட்டை ரிம்மோட ஸ்பேனர் போட்டு இறுக்கிடுவேன், இல்லன்னா வால்வு ஆடிக்கிட்டே இருக்கும். இதுவரை ஒண்ணும் ஆகல.

#7 ஸ்போக்குத்தச்சர்

நண்பரே, வால்வு நட்டில் உங்களோடு உடன்பட முடியாது. பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் சிறிது சிறிதாக நகரும், காற்று குறைவாக இருந்தால் அதிகமாகவே நகரும். டயர் நகர்ந்தால் டியூபும் கூடவே போகும். நட்டு இறுக்கமாக இருந்தால் வால்வு மட்டும் அதே இடத்தில் நின்று, அதன் அடிப்பாகத்தில் டியூப் கிழியும். அது மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர் இல்லை, ஒரே நொடியில் காலியாகும். நட்டை ரிம்மில் இறுக்காமல் மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து வைத்துவிட்டால், டயர் நகரும்போது வால்வு சாயும். வண்டியை எடுக்கும் முன் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். காற்றை இறக்கி நேராக்கிக்கொள்ளலாம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது மகிழ்ச்சிதான். ஆனால் முன் சக்கரத்தில் இது ஒரே ஒரு தடவை ஆனாலே போதும்.

பாத்திரத் திரவம் வழுக்கும், உண்மை. அவற்றில் பலவற்றில் உப்பு இருக்கும், அது ரிம்முக்குள் தங்கித் துருவைக் கூட்டும். எண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊறிக் கெடும்.

#8 கிக்ஸ்டார்ட்

நட்டு விஷயம் புரியுது. ரெண்டு வீலையும் இன்னிக்கே தளர்த்திடுறேன். திரவத்துக்குப் பதிலா டயர் சோப்பே வாங்கிக்கிறேன்.

#9 காற்றழுத்தம்

நான் பேச வேண்டிய கேள்வி இப்போதுதான் வருகிறது. கையேடா, தெரிந்தவர்களா?

இரண்டுமே முழு விடை இல்லை. கையேட்டின் எண் தவறானது அல்ல. அது எழுதப்பட்ட காலத்து டயருக்கும் அக்காலத்துச் சாலை வேகத்துக்கும் ஓட்டுபவரின் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் சரியானது. பிரிட்டிஷ் பைக் நிறுவனமான பிஎஸ்ஏ-வின் கையேடுகளைப் பாருங்கள், ஓட்டுபவர் 140 பவுண்டு, அதாவது சுமார் 63 கிலோ என்று வைத்துத்தான் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 28 பவுண்டுக்கும் முன்னால் 1 பிஎஸ்ஐ, ஒவ்வொரு 14 பவுண்டுக்கும் பின்னால் 1 பிஎஸ்ஐ கூட்டச் சொல்கிறார்கள். பலரும் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். 90 கிலோ ஆள் என்றால் 58 பவுண்டு கூடுதல், முன்னால் 2, பின்னால் 4 பிஎஸ்ஐ அங்கேயே ஏறிவிடுகிறது. பின்னால் ஒருவர், பையில் சாமான் என்றால் இன்னும் கூடும்.

சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிரும், அந்த மடிப்புதான் சூடாகிறது. சூடு கூடினால் உள்ளிருக்கும் நூல் அடுக்குகள் பிரியும். திருப்பத்தில் வண்டி நெளியும், டயர் ரிம்மில் நகரும், குழியில் விழுந்தால் ரிம் வளையும், டியூப் இரண்டு பக்கமும் கடிபடும். அதிகமானால் தரையில் படும் பரப்பு சுருங்கும், நடுப்பட்டன் மட்டும் தேயும், ஈரத்தில் வழுக்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும்.

பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த டயரின் உச்சச் சுமைக்கு உரியது. தினசரி அடிக்க வேண்டிய அளவு அது அல்ல.

என் ஆலோசனை: டயர் நிறுவனம் உங்கள் வண்டிக்கு என்று அளவு கொடுத்திருந்தால் அதுதான் முதல். இல்லையென்றால் உங்கள் அளவு டயர்களுக்கு முன்னால் 26, பின்னால் 28 பிஎஸ்ஐ என்று தொடங்குங்கள். இரண்டு பேர் என்றால் பின்னால் 32 வரை. பிறகு டயரிடமே கேளுங்கள். வண்டி ஆறிய நிலையில் அளந்து எழுதிக்கொண்டு, வழக்கமாகப் போகும் வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டி, நிறுத்திய உடனே மறுபடி அளக்க வேண்டும். சாலை டயரில் 4 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறினால் சரி என்பது பழைய ஓட்டுநர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதைவிட அதிகம் ஏறினால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது, ஆறிய நிலையில் இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும். மிகக் குறைவாக ஏறினால் ஏற்கனவே அதிகம். சூடாக இருக்கும்போது காட்டும் எண்ணைப் பார்த்துக் காற்றை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

காலை குளிரிலும் பகல் வெயிலிலும் எண் மாறும். 30 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். அதனால் ஒரே நேரத்தில், நிழலில், ஒரே மீட்டரால் அளக்கப் பழகுங்கள். பம்பின் மேல் இருக்கும் மீட்டரை நம்பாமல் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

#10 இரட்டைச்சிலிண்டர்

முன் சக்கரம் ஏறிவிட்டது! ஐயா சொன்னபடி பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே போனேன், கடைசி முழத்துக்குத்தான் லிவரே தேவைப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல். காற்று அடித்ததும் இரண்டு முறை டப் என்று சத்தம் கேட்டது. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு வால்வுப் பக்கத்தில் மட்டும் ரிம்முக்குள் மறைந்து போகிறது. சுற்றிவிட்டால் டயர் அந்த இடத்தில் தாழ்ந்து எழுகிறது. இப்போது 35 இருக்கிறது. இன்னும் அடிக்கலாமா?

பின் சக்கரத்தில் அந்தப் போல்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

#11 ஸ்போக்குத்தச்சர்

இன்னும் அடிக்காதீர்கள். உட்காராத பீடிங்கை 50, 60 என்று அடித்து உட்கார வைக்கப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான காரியம். கம்பி அறுந்தால் டயர் வெடித்து விலகும், பக்கத்தில் இருப்பவரின் கையோ முகமோ போகும். பல டயர் நிறுவனங்கள் 40 பிஎஸ்ஐ-யைத் தாண்ட வேண்டாம் என்கின்றன, அதையே எல்லையாக வையுங்கள்.

காற்றை முழுவதும் இறக்குங்கள், வால்வுக்குள் இருக்கும் சிறு பின்னையும் கழற்றிவிடுங்கள். தாழ்ந்த இடத்தில் பீடிங்கை இரண்டு பக்கமும் ரிம்மிலிருந்து தள்ளி, சோப்புத் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். வால்வை மறுபடி உள்ளே தள்ளி இழுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் தாழ்கிறது என்றால் பெரும்பாலும் டியூபின் அடிப்பாகம் பீடிங்குக்குக் கீழே மாட்டியிருக்கும், அல்லது நட்டை இறுக்கியிருப்பீர்கள். சக்கரத்தைத் தரையில் தட்டித் தட்டி உருட்டுங்கள். பின்னை மாட்டி மறுபடி அடிக்கும்போது டயருக்கும் ரிம்முக்கும் இடையில் விரல் போகவே கூடாது.

கோடு இரண்டு பக்கமும் சுற்றிலும் ஒரே தூரத்தில் வந்ததும் இன்னொரு முறை காற்று முழுவதையும் இறக்கிவிட்டு மறுபடி அடியுங்கள். முதல் தடவை டியூப் சில இடங்களில் மடிந்தும் சில இடங்களில் இழுபட்டும் ஒட்டியிருக்கும், இந்த இரண்டாம் தடவையில் அது தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சோம்பல்பட்டு விடுகிற வேலை இது, விடாதீர்கள்.

பின் ரிம் போல்ட்: அது டயரின் பீடிங்கை ரிம்மோடு அழுத்திப் பிடித்து நகராமல் வைப்பது. குறைந்த காற்றில் 650 ட்வினின் இழுவைக்கு அது தேவைப்பட்டது. கழற்றுமுன் அதன் நட்டை நுனி வரை தளர்த்தி போல்டை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பீடிங் அசையாது. ஏற்றும்போது அந்த இடத்துப் பீடிங்கை முதலில் ஏற்றி, போல்டை உள்ளே தள்ளி அதன் அடியில் பீடிங்கைச் செலுத்துங்கள். டியூப் அதன் தட்டுக்கும் டயருக்கும் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று அடித்துக் கோடு சரியான பிறகே நட்டை இறுக்க வேண்டும். நண்பர் காற்றழுத்தம் மேலே சொன்ன அளவில் ஓட்டுபவர்கள் அதை எடுத்துவிட்டு ஓட்டையை ரப்பர் அடைப்பால் மூடிவிடுவதும் உண்டு. நான் வைத்திருக்கவே சொல்வேன். எடுத்தாலும் வைத்தாலும் வீல் பேலன்ஸ் பார்க்க வேண்டும், அது கனமான துண்டு.

#12 மழைச்சாலை

வீலைத் திரும்ப மாட்டும்போது ஒன்று. பின் டிரம்மின் பிளேட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆங்கர் ராடின் நட்டை மாட்டி, ஸ்பிளிட் பின் போட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். டயர் வேலை முடிந்த மகிழ்ச்சியில் பலரும் மறப்பது இதைத்தான். அது இல்லாமல் பிரேக்கை மிதித்தால் பிளேட்டே சுற்றி ராடை முறுக்கிக்கொண்டு சக்கரம் பூட்டிவிடும். ஆக்சில் நட்டை முழுதாக இறுக்குமுன் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் ஷூக்கள் நடுவில் உட்காரும். முன்னால் ஆக்சிலை இறுக்கியபின், கீழ்க் கவ்வியை முறுக்குமுன் ஃபோர்க்கைச் சில தடவை அமுக்கி எழுப்புங்கள். செயின் தளர்வு, வீல் நேர்கோடு இரண்டும் பார்த்துவிடுங்கள்.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். ஈரச் சாலையானால் இன்னும் நிதானம்.

#13 இரட்டைச்சிலிண்டர்

வால்வு அடிப்பாகம்தான் மாட்டியிருந்தது ஐயா. சோப்புத் தண்ணீர் விட்டு, உள்ளே தள்ளி இழுத்ததும் 32-லேயே உட்கார்ந்துவிட்டது. கோடு சுற்றிலும் ஒரே அளவு. பின் சக்கரமும் முடிந்தது, போல்டை வைத்தே ஏற்றினேன். ஆங்கர் ராடு பின் புதிதாகப் போட்டேன் அக்கா.

முன்னால் 26, பின்னால் 28 வைத்தேன். மறுநாள் காலை அளந்தால் இரண்டிலும் சுமார் 2 பிஎஸ்ஐ குறைந்திருக்கிறது. டியூபில் எங்காவது கடித்துவிட்டேனா?

#14 காற்றழுத்தம்

இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருப்பதால் டியூபைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். டயருக்கும் டியூபுக்கும் இடையில் கொஞ்சம் காற்று சிக்கிக்கொள்ளும், பீடிங் இறுக்கமாக இருப்பதால் அது உடனே வெளியேறாது. ஸ்போக் ஓட்டைகள் வழியாக மெல்ல மெல்ல வெளியேறும்போது டியூபுக்கு விரிய இடம் கிடைக்கிறது, எண் இறங்குகிறது. புது டயரும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். வால்வு நுனியில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துக் குமிழி வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வந்தால் பின்னை இறுக்குங்கள். உலோக மூடியை ரப்பர் வளையத்தோடு போடுங்கள், காற்றைப் பிடிப்பதில் மூடிக்கும் பங்கு உண்டு.

மறுபடி 26, 28 ஆக்கிவிட்டுக் கொஞ்ச நாள் தினமும் காலையில் அளந்து வாருங்கள். பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூப் என்றால் சீக்கிரமே நிலைத்துவிடும், பிறகு வாரம் ஒரு முறை போதும். இயற்கை ரப்பர் டியூப் என்றால் எப்போதும் சற்று வேகமாகவே காற்று இறங்கும், அதன் இயல்பு அது. ஒரு சக்கரம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் அப்போது கழற்றலாம்.

முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சூடான எண்களை இங்கே போடுங்கள், பின் சக்கரத்துக்கு 28 போதுமா, 30 வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.